கூன்வண்டை ரேடார் பார்க்குமா?

2025 ஜூலை 30-ல் நிசார் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியதிலிருந்து, "இனி மரத்துக்குள்ள இருக்கிற பூச்சியைக்கூட ரேடார் காட்டிடும்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. காரியாபட்டி பக்கம் சித்தப்பா தோப்பில் போன வருஷம் நாலு தென்னை சிவப்புக் கூன்வண்டால் போச்சு. அதனால் எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கணக்குப் போட்டால் இடிக்கிறது.

மைக்ரோவேவ் அலைக்குப் பூச்சி தெரியாது. மரத்தில் அதற்குத் தெரிவது ஈரமும் வடிவமும்தான். சென்டினல்-1 அனுப்பும் 5.6 செ.மீ. அலை பெரும்பாலும் ஓலையிலேயே சிதறித் திரும்பிவிடும். நிசாரின் 24 செ.மீ. அலை தண்டு வரை இறங்கும். மேகம் மறைத்தாலும் 12 நாளுக்கொரு முறை படம் வரும். இதெல்லாம் நிஜமான முன்னேற்றம்.

சிக்கல் வேறு இடத்தில். கூன்வண்டின் புழு தண்டுக்குள் குடையும்போது மேலே ஓலை பச்சையாகவே நிற்கும். கொண்டை சாய்ந்த பிறகுதான் ரேடார் எண் தெளிவாக மாறும். அதற்குள் மரம் போயிருக்கும்.

அடுத்தது அளவு. சென்டினல்-1 பிரித்துப் பார்க்கக்கூடிய இடம் சுமார் 20 மீட்டர் சதுரம். 25 அடி இடைவெளித் தோப்பில் அதற்குள் ஏழெட்டு மரம் அடங்கும். அதில் ஒன்று மட்டும் நோயாளி என்றால் எப்படித் தெரியும்? போதாததற்கு நம்ம ஊர் வறட்சி. கிணறு வற்றினாலும் மரத்தில் ஈரம் குறையும், பூச்சி அடித்தாலும் குறையும். இரண்டையும் ரேடார் ஒரே மாதிரிதான் சொல்லும்.

1970 வாக்கில் பிஷாரடி குழுவினர் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து, கேரளத் தென்னையில் வேர்வாடல் நோயைக் கண்டார்கள். இந்தியாவின் தொலையுணர்வு தொடங்கியதே அதில்தான். அது பலித்ததற்குக் காரணம், அந்த நோய் இலையை மாற்றுகிறது. அகச்சிவப்பு இலையைப் பார்க்கிறது. ஐரோப்பாவில் பட்டைவண்டு ஸ்ப்ரூஸ் காடுகளைக் கூட்டமாகக் கொன்ற இடங்களில், சேதத்தை வரைபடமாக்க ரேடாரும் உதவும். ஆனால் அது நடந்து முடிந்ததன் கணக்கு, முன்னெச்சரிக்கை இல்லை.

ஆகவே, இப்படி யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: மரம் சாவதற்கு எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள்? அதற்குப் பதில் வரும்வரை, சித்தப்பா தண்டில் காதை வைத்துப் புழு கறகறவென்று கடிக்கும் சத்தத்தைக் கேட்பதும், பழுப்பு நீர் வடிகிறதா என்று பார்ப்பதும், இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும்தான் முந்திக்கொள்ளும்.