‘போதும்’ என்ற சொல்லும் ஒலிநாடாவும்

கவுன்சலரைத் தமிழில் ‘ஆலோசகர்’ என்கிறோம். ஆலோசனை சொல்வதையே தவிர்க்கச் சொன்ன உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸுக்கு அந்தப் பெயர் ஒட்டாது.

1902இல் இல்லினாயில் பிறந்த ரோஜர்ஸ் பண்ணையில் வளர்ந்தவர். கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் பதின்வயதிலேயே படித்து, பரிசோதனையில் எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டார். கல்லூரியில் சேர்ந்தது வேளாண்மைக்கு; பிறகு இறையியல்; அதையும் விட்டு உளவியல். நிலத்தைப் பதமாக்கினால் விதை தானே முளைக்கும் என்ற விவசாயியின் நம்பிக்கை மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை.

ராச்செஸ்டரில் குழந்தைகளிடையே 12 ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே ஓர் அடங்காத பையனின் தாயிடம், அவர் பிள்ளையை ஆரம்பத்திலேயே ஒதுக்கியதுதான் காரணம் என்று பலமுறை புரியவைக்கப் பார்த்துத் தோற்றார். இனிப் பயனில்லை என்று இருவரும் முடித்துக்கொண்டார்கள். வாசல்வரை போன அந்தப் பெண் திரும்பி, பெரியவர்களையும் இங்கே பார்ப்பீர்களா என்று கேட்டார். உட்கார்ந்து தன் மணவாழ்க்கையைக் கொட்டத் தொடங்கினார். அதன்பிறகுதான் சிகிச்சை நகர்ந்தது. எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்கே தெரியும் என்ற முடிவுக்கு ரோஜர்ஸ் வந்தது இப்படித்தான். இதுவரை மறுக்க ஒன்றுமில்லை.

இடறுவது 1957இல். ஒளிவுமறைவின்மை, நிபந்தனையற்ற ஏற்பு, பரிவான புரிதல் ஆகியவற்றை மையமாகக் கொண்ட நிபந்தனைகள் மனமாற்றத்துக்குத் தேவை என்றார். அவையே போதும் என்றும் எழுதினார். விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளிடம் சோதித்தபோது, சிகிச்சை பெற்ற குழு மொத்தத்தில் பெறாத குழுவைவிடத் தேறவில்லை. பரிவு கூடுதலாகக் கிடைத்தவர்கள் சற்றுத் தேறினார்கள், உண்மை. ஆனால் தேறக்கூடியவர்களிடம்தான் பரிவு எளிதாகப் பிறந்ததோ? அந்த ஆய்வு இதைத் தீர்க்கவில்லை.

1966இல் இன்னொரு அடி. அவருடன் பணியாற்றிய சார்லஸ் ட்ருவாக்ஸ், ரோஜர்ஸின் சிகிச்சை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். சில வகைப் பேச்சுக்கு ரோஜர்ஸின் கனிவு கூடுகிறது. அந்தப் பேச்சும் பெருகுகிறது. ஆலோசனை சொல்லாத அவரது ‘வழிகாட்டாத’ முறைக்குள்ளும் ஒரு வழிகாட்டல், அதுவும் அவருக்கே தெரியாமல்.

அப்படியானால் ‘போதும்’ என்பது விழுகிறது. ‘தேவை’ என்பதைக்கூட நான் ‘பெரும்பாலும் உதவும்’ என்றே குறைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்த ஒலிப்பதிவுகள் எங்கிருந்து வந்தன? ஃபிராய்ட் நோயாளிகளின் கதைகளை நினைவிலிருந்து எழுதினார். ரோஜர்ஸோ மூடிய அறைக்குள் ஒலிவாங்கியைக் கொண்டுபோய், 1942இலேயே ஒரு முழுச் சிகிச்சையின் பேச்சை அப்படியே அச்சிட்டவர். கோட்பாட்டாளர் ரோஜர்ஸைவிட இந்த ரோஜர்ஸே பெரியவர் என்பது என் தீர்ப்பு. தீவனப் புத்தகத்தில் கற்ற ஒப்பீட்டைத் தன் மேலேயே மற்றவர்கள் நடத்திப் பார்க்க இடம்கொடுத்தார்.