ஒரு புள்ளியும் 1360 கோல்களும்

1996 செப்டம்பர் 21, சிட்னி கிரிக்கெட் மைதானம். ஜெயித்தால் இறுதிப் போட்டி, தோற்றால் வீடு. சிட்னி ஸ்வான்ஸ் 69, எஸன்டன் 69. ஆட்டம் முடியச் சில நொடிகளே பாக்கி. கோல்கம்பத்துக்கு ஐம்பது மீட்டருக்கும் அப்பால் பந்தும் கையுமாக நிற்கிறார் டோனி லாக்கெட். தொடையிடுக்கில் காயம், ஆடுவாரா மாட்டாரா என்பதே கேள்வியாக இருந்த நிலையில்தான் களமிறங்கியிருந்தார். சைரன் ஒலிக்கிறது. ஆனாலும் கையில் இருக்கும் உதை அவருடையது.

உதைத்தார். பந்து நடுக் கம்பங்களுக்குள் போகவில்லை, பக்கத்து இடைவெளியில் போனது. அதற்கு ஒரே ஒரு புள்ளி. போதுமே! 1945-க்குப் பிறகு அந்த அணி இறுதிப் போட்டிக்குப் போவது அதுதான் முதல் முறை.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். வலையும் கிடையாது, குறுக்குக் கட்டையும் கிடையாது. நடுவில் இருக்கும் உயரமான இரண்டுக்கும் இடைவெளி 6.4 மீட்டர், அதற்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி. இருபுறமும் உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. மெல்பர்ன் கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க 1859-இல் விதி எழுதிய ஆட்டம் இது. இன்றும் கிரிக்கெட் மைதானங்களில்தான் நடக்கிறது. பறந்து வரும் பந்தைத் தரையில் விழாமல் பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் ‘மார்க்’. பிடித்தவர் நிதானமாகப் பின்னால் நடந்து, யாரும் இடிக்காமல் உதைக்கலாம். முப்பத்தாறு பேர் முட்டி மோதும் ஆட்டத்தில் திடீரென்று ஒருவர் மட்டும் தனியாக நிற்கும் கணம் அது. லாக்கெட்டின் கலை அங்கேதான் இருந்தது.

அந்தக் கணத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி. எஸன்டனின் மேத்யூ லாயிட் புல்லைக் கிள்ளிக் காற்றில் வீசி, அது பறக்கும் திசையைப் பார்ப்பார். இடதுகால்காரர் லான்ஸ் ஃபிராங்க்ளின் நேராக ஓடவே மாட்டார். வில்லாக வளைந்து வந்து உதைப்பார். ஹாதர்னின் பீட்டர் ஹட்சன், மற்றவர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய தட்டை உதையையே பிடித்துக்கொண்டு 1971-இல் 150 கோல் போட்டார். லாக்கெட்டிடம் இப்படிச் சொல்லிக் காட்ட ஒன்றுமே இல்லை. நேர்கோட்டில் சில அடிகள். பந்தை உயரத்திலிருந்து போடாமல் காலுக்கு மிக அருகே நழுவவிடுவது. பந்தின் கீழ்முனையில் ஒரு உதை. அது பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டபடி நேராகப் போகும். கையிலிருந்து கால்வரை பந்து பயணிக்கும் தூரம் குறையக் குறைய, காற்றும் பதற்றமும் புகுந்து கெடுக்க இடம் குறையும். கமகமே இல்லாமல் ஒரே ஸ்வரத்தில் நின்று சபையைக் கட்டிப்போடும் பாடகர்கள் உண்டல்லவா, அந்த வகை.

இவ்வளவு அடக்கமான உதை எப்படிப்பட்ட ஆளிடமிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. பாலராட்டில் பிறந்த லாக்கெட், ஆறடிக்கு மேல் உயரமும் நூறு கிலோவைத் தாண்டிய எடையுமாக மலைபோல் இருப்பார். ‘ப்ளக்கர்’ என்பது செல்லப்பெயர். பந்து வரும்போது வழியில் நின்றால் நிற்பவருக்குத்தான் ஆபத்து. 1993-இல், அவர் செயின்ட் கில்டா அணியில் இருந்தபோது, இதே சிட்னி மைதானத்தில் அவருடைய 4-ஆம் எண்ணைப் பூசிய பன்றி ஒன்றை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். மறுவருடம் அதே மைதானத்தில் சிட்னி வீரர் ஒருவரின் மூக்கை முழங்கையால் உடைத்து எட்டு ஆட்டத் தடை வாங்கினார். அன்று 11 கோலும் அவர் கணக்கில். 1995-இல் அவரையே சிட்னி அணி சேர்த்துக்கொண்டது. பன்றியைப் பார்த்துச் சிரித்த ஊர் அவரைப் பார்க்கச் சீட்டு வாங்க வரிசையில் நின்றது.

எண்களைப் பார்த்தால் தலை சுற்றும். 1987-இல் 117 கோல். அந்த வருடமே, நடுவர்கள் வாக்களித்துத் தரும் பிரௌன்லோ பதக்கத்தை ஜான் பிளாட்டனுடன் பகிர்ந்துகொண்டார். கோல் முனையிலேயே நிற்கும் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 1991-இல் 17 ஆட்டங்களில் 127 கோல். அடுத்த வருடம் 132 போட்டும் முதலிடம் இல்லை. ஜேசன் டன்ஸ்டல் 145 போட்டுவிட்டார். இரண்டு யானைகள் ஒரே காட்டில் உலவிய காலம். 1995-இல் ஃபிட்ஸ்ராய் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 16. மொத்தம் ஆறு பருவங்களில் நூறைத் தாண்டினார்.

1999 ஜூன் 6 அன்று, காலிங்வுட் அணிக்கு எதிராக, மீண்டும் அதே சிட்னி மைதானம். காலிங்வுட்டின் கார்டன் கவன்ட்ரி 1937-இல் ஓய்வு பெற்றபோது விட்டுச்சென்ற 1299 கோல் என்ற சாதனை எண் 62 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. லாக்கெட்டின் 1300-ஆவது கோல் கம்பங்களைத் தாண்டியதும் ரசிகர்கள் வேலி தாண்டி உள்ளே பாய்ந்தார்கள், ஆட்டம் நின்றது. அந்தப் பருவத்தோடு விலகியவர் 2002-இல், 36 வயதில், திரும்பி வந்தார். மூன்று ஆட்டம், மூன்று கோல், அவ்வளவுதான். கணக்கு 281 ஆட்டங்களில் 1360 கோல் என்று முடிந்தது.

இன்று ஒருவரை மட்டும் நம்பி எந்த அணியும் பந்தை அனுப்புவதில்லை. தடுப்பவர்கள் கூட்டமாகப் பின்னால் இறங்கி இடத்தை அடைத்துவிடுகிறார்கள். 2008-இல் ஃபிராங்க்ளின் 113 கோல் போட்டதே ஒரு பருவத்தில் நூறு தொட்ட கடைசிச் சாதனை.

லாக்கெட் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. 1996-இல் அந்த ஒற்றைப் புள்ளி கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் அவர் ஆடிய ஒரே இறுதிப் போட்டி. ஆறு கோல் போட்டார். நார்த் மெல்பர்ன் 43 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. பேட்டிகளை விரும்பாத மனிதர், ஓய்வுக்குப் பின் பெரிதாகப் பொதுவெளிக்கு வரவில்லை. ஆட்டப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இரண்டு எண்கள் உண்டு: 1360 கோல், 590 ஒற்றைப் புள்ளி. சிட்னிக்காரர்கள் இன்றும் பேசும் அந்த உதை இரண்டாவது எண்ணுக்குள் இருக்கிறது.