75 மில்லிமீட்டர் தகடு: ஒரு மாணவியின் போர்ட்ஃபோலியோவைப் படித்த குறிப்புகள்

கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை வருகிறது, குறும்படத்துக்கு வருகிறது, சமையல் புத்தகத்துக்குக்கூட வருகிறது. கட்டடக்கலை மாணவர்கள் ஐந்து வருடம், பத்து செமஸ்டர் உட்கார்ந்து வரைந்ததை நாற்பது பக்கத்தில் அடுக்கி ஒரு போர்ட்ஃபோலியோ செய்கிறார்களே, அதற்கு ஒருவரும் விமர்சனம் எழுதுவதில்லை. கல்லூரியில் ஒரு மார்க். அப்புறம் வேலை கேட்டுப் போன இடத்தில் மூன்று நிமிடப் புரட்டல். அவ்வளவுதான்.

கேளம்பாக்கத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாணவி இந்த வருடம் படிப்பை முடித்தார். அவருடைய போர்ட்ஃபோலியோவை ஒரு வாரம் வைத்திருந்து படித்தேன். பெயரும் கல்லூரியும் வேண்டாம், மற்றபடி எழுதிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார். நான் கட்டடக் கலைஞர் இல்லை. தளத்தில் அளவெடுத்து பில் சரிபார்க்கிற வேலை. அதனால் என் கண் அழகுக்கு முன்னால் கம்பிக்கும் தண்ணீருக்கும்தான் போகும். படிப்பவர்கள் அந்தக் கணக்கைக் கழித்துக்கொள்ளலாம்.

முதல் பக்கம் ஒரு ரெண்டர். அந்தி வானம், வளைந்த கூரை, கீழே நிழலுருவாக நாலு மனிதர்கள். கையில் பலூனோடு ஒரு குழந்தை. (எல்லா ரெண்டரிலும் இந்தக் குழந்தை வந்துவிடுகிறது. கோவளம் கடற்கரையில் பலூனோடு ஓடுகிற குழந்தையை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அது ஒருநாளும் இப்படித் தனியாக இருந்ததில்லை. பின்னால் அம்மா கத்திக்கொண்டே வருவார்.) இது அவருடைய இறுதி ஆண்டு தீசிஸ். கோவளத்தில் மீனவர்களுக்கான மையம்: ஏலக்கூடம், வலை பின்னும் இடம், பெண்களுக்கான கடைகள். அதற்கு அப்புறம் வருகிற பக்கங்கள் காலவரிசையில் பின்னோக்கிப் போகின்றன. கடைசியில்தான் இரண்டாம் ஆண்டு வேலை. நான் பின்னாலிருந்து படித்தேன். அப்படிப் படித்தால்தான் இவர் எதைக் கற்றார், எதை வழியில் விட்டார் என்பது தெரிகிறது.

இரண்டாம் ஆண்டில் தையூர்ப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டை அளந்து வரைந்திருக்கிறார். பென்சில். ஒரே ஒரு ஷீட். இந்தப் போர்ட்ஃபோலியோவின் மிகச் சிறந்த பக்கம் அதுதான் என்பது என் முடிவு. திண்ணையின் அகலம் ஒரு முனையில் இரண்டே கால் அடி, மறு முனையில் இரண்டடி. அந்தக் கோணலை நேராக்காமல் அப்படியே போட்டிருக்கிறார். தாழ்வாரத்தில் தலை இடிக்கும் உயரம் குறித்திருக்கிறது. அம்மிக்கல் எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே, ஆட்டைக் கட்டுகிற முளை எங்கே என்று எல்லாம் இருக்கிறது. மழைத் தண்ணீர் கூரையிலிருந்து எங்கே விழுந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்குச் சின்னதாக ஓர் அம்புக்குறி. வாசல் முற்றத்தில் நிற்பது வேப்பமரம் என்று இலையைப் பார்த்தே சொல்லலாம்.

இந்த மரம் சின்ன விஷயம் இல்லை. இலங்கையில் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தில் 1960களில் லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்றவர்கள் வரைந்த படங்களைப் பார்த்தால், ஒவ்வொரு மரமும் அதனதன் இனத்தோடு நிற்கும். கட்டடம் அந்த மரத்துக்குப் பக்கத்தில்தான் வரும், வேறெங்கும் வராது என்று படமே சொல்லிவிடும். நம் மாணவியின் இரண்டாம் ஆண்டு ஷீட்டில் அந்த உணர்வின் விதை இருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் அவருடைய மரங்களெல்லாம் கம்ப்யூட்டர் நூலகத்திலிருந்து இறக்கிய பச்சை உருண்டைகள். ஒன்று ஐரோப்பிய மேப்பிள் மாதிரி தெரிகிறது.

ஆறாம் செமஸ்டருக்கு வருகிறேன். குடியிருப்புத் திட்டம். இடம் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலைப் பக்கம், உப்பளத்தை ஒட்டி. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்: பழைய மகாபலிபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவில் பக்கிங்காம் கால்வாய், உப்பங்கழி, உப்புப் பாத்திகள். குளிர்காலத்தில் பூநாரை வந்து நிற்கும். மழைக்காலத்தில் மேற்கே உள்ள ஏரிகளின் உபரித் தண்ணீர் இந்தப் பள்ளத்துக்கு வந்துதான் முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் கடலைச் சேர வேண்டும். அவருடைய தள வரைபடத்தில் இந்த மொத்தப் பிரதேசமும் வெறும் சாம்பல் நிறம். மனைக்கு வெளியே உள்ளது எதுவும் வரையப்படவில்லை. உள்ளே இரண்டு அடுக்கு பேஸ்மென்ட் பார்க்கிங்.

உப்பளத்துக்குப் பக்கத்தில் இரண்டு அடுக்கு பேஸ்மென்ட். தோண்டின மறுநாளே உப்புத்தண்ணீர் ஊறும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; கட்டி முடித்த பிறகும் நிலத்தடி நீர் அடியிலிருந்து தூக்கும், அதற்கு எதிராகத் தளத்துக்கு எடை கொடுக்க வேண்டும். செய்ய முடியாதது இல்லை, ஆனால் செலவு எங்கேயோ போகும். அதுவும் இது "குறைந்த வருமானத்தாருக்கான வீடு" என்று தலைப்பில் போட்டிருக்கிறது! கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கோடும் படத்தில் இல்லை. அலை ஏறி இறங்கும் கழிகளுக்கு 2011 அறிவிப்பில் 100 மீட்டர், 2019 அறிவிப்பில் 50 மீட்டர், அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது. இந்த ஒரு கோட்டைப் போட்டிருந்தால் பிளாக்குகளில் ஒன்று இடம் மாறியிருக்கும்.

கேட்டேன். "ஜூரியில பேஸ்மென்ட் பத்தி யாருமே கேக்கலைக்கா. எலிவேஷன் ரொம்ப ஃப்ளாட்டா இருக்குன்னுதான் சொன்னாங்க" என்றார். இந்தப் பதிலில் ஒரு மாணவியின் வளர்ச்சி எந்தத் திசைக்குத் தள்ளப்படுகிறது என்பது அப்படியே இருக்கிறது. எதைப் பற்றிக் கேள்வி வருகிறதோ அதில்தான் கை தேறும். அடுத்த செமஸ்டரில் எலிவேஷன் பிரமாதமாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் திரும்பி வரவே இல்லை. கூரைத் தண்ணீருக்கு அம்புக்குறி போட்ட அதே கை!

இப்போது தீசிஸ். இதில் நல்லதை முதலில் சொல்கிறேன். மீன் விற்கும் பெண்களுக்கான கடைகளை பஸ் நிறுத்தத்தின் பக்கம் திருப்பியிருக்கிறார். கூடையும் ஐஸ்பெட்டியும் தூக்கிக்கொண்டு போகிறவர்களைக் கவனித்த ஆள் மட்டும்தான் அதைச் செய்வார். வலை பின்னும் இடத்துக்குச் சுவரே இல்லை, நிழல் மட்டும், அதுவும் சரி. ஆனால் ஏலக்கூடத்தில் கழுவிவிடுகிற தண்ணீருக்கு வாய்க்கால் இல்லை. மீன் ஏலம் நடக்கும் தரை எப்படி இருக்கும் என்று காலையில் ஒருமுறை போய் நின்றவர் அதை மறக்க மாட்டார். கூடத்தின் பெரிய திறப்பும் வடகிழக்கைப் பார்த்து, மேலே ஒரு சாய்ப்புக்கூட இல்லாமல் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் மழை வருகிற திசையே அதுதான்.

கூரை "அலையிலிருந்து பிறந்தது" என்று ஒரு பக்கம் விளக்கம். முதலில் அலையின் போட்டோ, பிறகு வளைகோடு, பிறகு கூரை. மூன்று படம், நடுவில் அம்புக்குறி. மாணவர் வேலைகளில் இந்த மூன்று படச் சங்கிலியை அடிக்கடி பார்க்கிறேன். தாமரையிலிருந்து ஆஸ்பத்திரி, சங்கிலிருந்து மியூசியம். எனக்கு இதில் பெரிய ஒவ்வாமை உண்டு.

ஆனால் உடனே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். பக்கத்திலேயே மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் இருக்கிறதே, அது என்ன? ஏழாம் நூற்றாண்டில் கல்லைக் குடைந்து ஓர் ஓலைக் குடிசையின் கூரையைச் செய்திருக்கிறார்கள். பீம ரதம் நீளமான வண்டிக்கூடுக் கூரை. சகாதேவ ரதம் யானையின் பின்புறம் போல் வளைந்தது. ஐந்து ரதம், வெவ்வேறு தளவடிவம், வெவ்வேறு கூரை. பார்த்தால் யாரோ ஒரு மாணவர் போர்ட்ஃபோலியோவைக் கல்லிலேயே செய்து வைத்தது போலத்தான் இருக்கிறது. அவர்களும் ஒன்றின் உருவத்தை இன்னொன்றின் மேல் ஏற்றினார்கள்தானே?

ஏற்றினார்கள். ஆனால் திரௌபதி ரதத்தின் கூரை விளிம்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓலையை அடுக்கினால் வரக்கூடிய தடிமன் அந்த விளிம்பில் இருக்கிறது. முனைகளில் கூரை எப்படித் தணிந்து வளையும் என்பது இருக்கிறது. குடிசையைத் தூரத்திலிருந்து போட்டோ எடுத்தவன் செய்த வேலை இல்லை அது. அதற்குள் குனிந்து போய் வந்தவன் செய்தது. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது தர்மராஜ ரதத்தின் மேல்தளங்கள் முடிந்தும் அடிப்பகுதி முடியாமலும் நிற்பதில் தெரிகிறது. மேலே உளி வைக்கும்போதே கீழே எவ்வளவு கல் மிச்சம் வேண்டும் என்று கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தடிமன் தெரியாமல் அந்த வேலையைத் தொடவே முடியாது. நம் மாணவியின் அலைக்கு அந்தத் தடிமன் இல்லை.

இதைச் சும்மா உவமையாகச் சொல்லவில்லை. ஏலக்கூடத்தின் மேற்குச் சுவரில் வெயிலைத் தடுக்க வரிசையாக நிற்கும் கான்கிரீட் தகடுகள், பூச்சு இல்லாத வெறும் கான்கிரீட், தடிமன் 75 மில்லிமீட்டர் என்று குறித்திருக்கிறார். ரெண்டரில் கத்தி மாதிரி அழகாக இருக்கிறது. கடற்கரைக் காற்றில் வெளியே நிற்கும் கான்கிரீட்டுக்கு 2000ஆம் வருட இந்தியத் தரவிதி 456, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. இந்தப் பக்கம் 45, அந்தப் பக்கம் 45, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக 8 மில்லிமீட்டர் கம்பி. கூட்டினால் 106. அவருடைய தகட்டுக்குள் கம்பியை வைக்க இடமே இல்லை. மீறி வைத்துக் கட்டினால் உப்புக்காற்று உள்ளே போகும், கம்பி துருப்பிடித்து உப்பும், கான்கிரீட் பெயர்ந்து விழும். கீழே வலை பின்னுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடலோரத்தில் சன்ஷேட் உதிர்ந்து கம்பி பல்லைக் காட்டுகிற கட்டடங்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

இவருக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது, அதுதான் விசித்திரம். ஒரு செமஸ்டர் அலுவலகப் பயிற்சிக்குப் போனபோது வரைந்த கழிவறை விவரப்படம் ஒன்று கடைசிக்கு முந்தின பக்கத்தில், தபால்தலை அளவில், ஒளிந்துகொண்டிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். 300 மில்லிமீட்டர் இறக்கிய தளம், நஹானி டிராப், தரையின் சரிவு, டைல்ஸ் எங்கிருந்து ஆரம்பித்தால் வெட்டுத்துண்டு கண்ணில் படாது என்பது வரை எல்லாம் இருக்கிறது. ஒரு மேஸ்திரி இதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்காமல் வேலை செய்துவிடலாம். "அது வெறும் டாய்லெட்தானேக்கா, அதை எப்படிப் பெருசா போடறது" என்கிறார்.

போடலாம். கொழும்பில் சி. அஞ்சலேந்திரன் என்ற தமிழ்க் கட்டடக் கலைஞர், பாவாவிடம் வேலை பார்த்தவர், தன் அலுவலகத்தை வீட்டுத் தாழ்வாரத்திலேயே, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய மாணவ உதவியாளர்களோடு நடத்தினார். டேவிட் ராப்சன் 2009இல் அவரைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அந்த ஏற்பாடு விவரமாக இருக்கிறது. இங்கே மாமல்லபுரத்திலேயே 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரி இருக்கிறது. கணபதி ஸ்தபதி முதல்வராக இருந்த இடம். அங்கே வரைகிற கையும் செய்கிற கையும் ஒரே கூரைக்குக் கீழ். கேளம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். இந்தப் போர்ட்ஃபோலியோவில் ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட அங்கே போன தடயம் இல்லை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை போயிருக்கிறார். லாரி பேக்கர் வடிவமைத்த வளாகம், 1996இல் திறந்தது. ஊர் ஊராகப் பிரித்தெடுத்து வந்து மறுபடி கட்டிய வீடுகளை வைத்துக்கொண்டு ஓர் ஓடு எப்படி மாட்டப்படுகிறது என்று வரைந்திருக்கலாம். அவருடைய ஷீட்டில் ஆறு போட்டோவும் ஒரு பத்தி வரலாறும் இருக்கிறது.

இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். முகம் கொஞ்சம் சுண்டியது. பத்து நாள் கழித்து மூன்று பக்கம் மாற்றி அனுப்பியிருக்கிறார். தையூர் வீடு முன்னால் வந்திருக்கிறது. கழிவறை முழுப்பக்கம். தகடு 120 மில்லிமீட்டர், உள்ளே கம்பியும் கவரும் வரைந்திருக்கிறது, எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து இடைவெளியைக் கூட்டியிருக்கிறார். கத்தி மாதிரி இல்லை, தடியாக இருக்கிறது என்று அவருக்கு வருத்தம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பேஸ்மென்ட் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.