‘படித்திருக்கிறீர்களா?’ என்னும் வினா: வாசிப்புப் பகிர்வும் தமிழ்த் திறனாய்வும்

முன்னுரை

தாம் படித்து இன்புற்ற நூலைப் பிறருக்கு எடுத்துரைப்பது வாசகர் இயல்பு. “இப்போது என்ன படிக்கிறீர்கள்?” என்று கேட்பதும், அதற்கு விடையாக ஒரு நூலின் பெயரைச் சொல்லி அதன் சுவையைச் சில சொற்களில் உணர்த்துவதும் இலக்கிய ஆர்வலர் கூடும் இடமெல்லாம் நிகழ்வன. எனினும் கல்விப்புலம் சார்ந்த திறனாய்வு இப்பகிர்வை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. இதனைப் பாராட்டு முறை என்றோ ரசனை முறை என்றோ பெயரிட்டு, திறனாய்வு வகைகளின் பட்டியலில் முதலாவதாகவும் எளியதாகவும் வைத்துக் கடந்துவிடுகிறோம். இம்மதிப்பீடு பொருத்தமானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கேட்டவர் அந்நூலைத் தாமே படித்து, சொன்னவர் கருத்தைச் சரிபார்க்கவும் மறுக்கவும் இடமளிக்கும் பகிர்வு திறனாய்வின் தொடக்கமாகிறது. அவ்விடம் அளிக்காத பகிர்வு அதிகாரமாக மாறுகிறது. இக்கருத்தை நான்கு சான்றுகளின் வழியும் வகுப்பறை அனுபவம் ஒன்றின் வழியும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நன்னூல் காட்டும் பங்கீடு

பகிர்ந்து கற்றல் தமிழ்க் கல்வி மரபுக்குப் புதியதன்று. ஆசிரியர் சொன்னதை மாணவன் முழுதும் கேட்டுக்கொண்டாலும் அவனுக்கு வாய்ப்பது புலமையின் காற்பங்கே என்கிறது நன்னூலின் பொதுப்பாயிரம். உடன்கற்போரொடு பழகுவதால் இன்னொரு காற்பங்கும், தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கிடைக்கும் என்பது அந்நூலின் கணக்கு. அதாவது, முக்காற்பங்குக் கல்வி பகிர்வினால் நிறைவுறுகிறது.

சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோராக நன்னூலார் குறிப்பிடுவோரையும் இங்கு நினைக்கலாம். ஆசிரியன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருடன் ‘தன்னொடு கற்றோன்’ என ஒருவனையும் அவர் சேர்க்கிறார். நூலைப் பிறர்க்கு அறிமுகப்படுத்தும் தகுதி உடன்கற்றவனுக்கும் உண்டு என்பது இதனால் பெறப்படும். பாயிரத்தில் சொல்லப்பட வேண்டியவற்றுள் கேட்போர், பயன் ஆகிய இரண்டும் அடங்குகின்றன. ஒரு நூல் யாருக்கு உரியது, அதனால் என்ன பயன் என்னும் வினாக்களே இன்றும் ஒரு நூலைப் பரிந்துரைப்பவர் முதலில் எதிர்கொள்பவை.

கும்பகோணத்தில் ஒரு வினா

பகிர்வின் ஆற்றலுக்குத் தமிழ் உலகம் நன்கறிந்த சான்று உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் இடம்பெறுகிறது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர் 1880 அக்டோபர் 21ஆம் நாள் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் பிறவற்றையும் சாமிநாதையர் வரிசைப்படுத்தினார். அவ்வரிசை முதலியாரைக் கவரவில்லை. பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்பதே அவருடைய அடுத்த வினா. சீவக சிந்தாமணியின் படியொன்றை அவர் தந்ததும், அதனைப் படிக்கத் தொடங்கிய முயற்சி 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் கூடிய பதிப்பாக நிறைவுற்றதும் பலரும் எடுத்துரைப்பவை.

இந்நிகழ்ச்சியில் பெரிதும் பேசப்படாத கூறு ஒன்று உண்டு. சிந்தாமணியின் பொருள் விளங்காது இடர்ப்பட்ட சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்றார். அங்கு அந்நூலைத் தம் சமயக் கடமையாகக் கருதிப் படித்தும் கேட்டும் வந்த குடும்பங்களைக் கண்டார். சமணக் கோட்பாடுகளையும் மரபுத் தொடர்களையும் அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார். எனவே சிந்தாமணி முற்றிலும் மறைந்துபோன நூலன்று. ஒரு சமூகம் அதனை இடையறாது படித்துவந்தது. அதே ஊரில் வாழ்ந்த புலவர் சமூகம் அதனை அறியாதிருந்தது. இரண்டுக்கும் இடையில் இல்லாதிருந்தது உரையாடல் ஒன்றே. பதிப்பு வரலாற்றை ஓலைச்சுவடிகளின் வரலாறாக மட்டும் எழுதும்போது, வாசகர் குழுக்களுக்கு இடையே நிகழ்ந்த இப்பரிமாற்றம் கண்ணில் படாமற் போகிறது.

சி.வை. தாமோதரம் பிள்ளை முதலியோர் வேறிடங்களில் பழைய நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தமையால், பழந்தமிழ் நூல்களின் மறுவருகை முழுவதையும் இச்சந்திப்பு ஒன்றுக்கே உரியதாக்குதல் பொருந்தாது. ஆயினும் ஒரு கேள்வியும் கையில் கொடுத்த ஒரு படியும் ஓர் ஆசிரியரின் வாசிப்பையே திசைமாற்றின என்பதில் ஐயமில்லை. முதலியார் தம் முடிவை ஏற்குமாறு கேட்கவில்லை. நூலையே கையில் கொடுத்தார். பகிர்வின் சிறந்த வடிவம் இதுவே எனலாம்.

வட்டத்தொட்டியும் அதன் எல்லையும்

இருபதாம் நூற்றாண்டில் பகிர்வையே தம் இலக்கியப் பணியாகக் கொண்டவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியில் நீதிபதி மகராசன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்றோர் பங்கேற்றனர். ஒரு செய்யுளை எடுத்து, அதன் ஓசையும் உணர்ச்சியும் கேட்போர் உள்ளத்தில் பதியும் வரை திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவது டி.கே.சி.யின் முறை. சொற்பொருளும் இலக்கணக் குறிப்புமாகச் சுருங்கியிருந்த செய்யுட் கல்விக்கு இம்முறை உயிரூட்டியது. கம்பனையும் முத்தொள்ளாயிரத்தையும் புலவரல்லாத வாசகரும் நாடிச் செல்வதற்கு அவர் காரணமானார்.

ஆனால் அவருடைய கம்பராமாயணப் பதிப்பு வேறொரு சிக்கலை எழுப்புகிறது. தம் செவிக்கும் உள்ளத்துக்கும் இசையாத பாடல்களை அவர் இடைச்செருகல் என்று நீக்கினார். சில இடங்களில் பாடங்களைத் திருத்தவும் செய்தார். ‘இப்பாடல் எனக்கு இன்பம் தரவில்லை’ என்பது வாசக அனுபவம். அதனை யாரும் மறுக்க இயலாது, மறுக்கத் தேவையுமில்லை. ‘ஆதலின் இது கம்பன் பாடலன்று’ என்பதோ சுவடிச் சான்று வேண்டும் முடிவு. அம்முடிவின்படி பாடல் நீக்கப்பட்டதும், அப்பதிப்பை மட்டும் படிக்கும் வாசகர் அதனைத் தாமே சுவைத்துப் பார்த்து மாறுபடும் வாய்ப்பை இழக்கிறார். முன்னர்க் கண்ட முதலியார் நூலைத் தந்தார். இங்கு நூலின் ஒரு பகுதி மறைக்கப்படுகிறது. ரசனை அதிகாரமாக மாறும் இடம் இது.

க.நா.சு.வின் பட்டியல்களும் மொழிபெயர்ப்புகளும்

உரைநடை இலக்கியத்தில் இவ்வினாவையே நூற்பெயராக்கியவர் க.நா. சுப்ரமண்யம் (1912–1988). ‘படித்திருக்கிறீர்களா?’ என்னும் தலைப்பு வாசகரை நேர்நின்று கேட்கிறது. விற்பனையும் வாராந்தரித் தொடர்களும் புகழைத் தீர்மானித்த காலத்தில், பரவலாக அறியப்படாத படைப்புகளை அவர் தொடர்ந்து நினைவூட்டி வந்தார். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) இன்று பாடத்திட்டங்களில் இடம்பெறுமளவு நிலைபெற்றதில் இத்தகைய நினைவூட்டல்களுக்குப் பங்குண்டு.

க.நா.சு.வின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு, அவர் காரணம் கூறாமல் பட்டியலிட்டார் என்பது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் பனுவலை நுணுகி ஆராயும் அலசல் முறையை வலியுறுத்தினார். க. கைலாசபதி ‘திறனாய்வுப் பிரச்சினைகள்’ நூலில் சமூக நோக்கிலிருந்து க.நா.சு.வையும் அவரைச் சார்ந்தோரையும் கடுமையாக மறுத்தார். இம்மறுப்புகளில் உண்மை உண்டு. காரணமற்ற பட்டியலை ஏற்கலாம் அல்லது புறக்கணிக்கலாம். அதனோடு வாதிட இயலாது.

ஆயினும் க.நா.சு.வின் பகிர்வு பட்டியலோடு நிற்கவில்லை. நட் ஹாம்சனின் நாவலை ‘நிலவளம்’ என்றும், செல்மா லாகர்லெவின் நாவலை ‘மதகுரு’ என்றும் அவர் தமிழாக்கினார். தாம் போற்றிய நூலை முழுமையாக வாசகர் கையில் வைப்பதைவிட நேர்மையான பரிந்துரை வேறில்லை. ‘நான் சொல்வது தவறெனில் நீங்களே படித்துச் சொல்லுங்கள்’ என்பது அதில் அடங்கிய அழைப்பு. அவர் பட்டியல்களை மட்டும் கொண்டு அவரை மதிப்பிடுவோர் இம்மொழிபெயர்ப்புகளையும் அவருடைய திறனாய்வின் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.

மொழி எல்லை கடந்த பகிர்வு

தமிழகத்துக்கு வெளியே தமிழ் கற்பிப்போருக்கு இக்கருத்து மேலும் நெருக்கமானது. நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனத்தின் ‘ஆதான் பிரதான்’ வரிசை, இந்திய மொழி நூல்கள் ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்ல வழியமைத்தது. குர் அதுல் ஐன் ஹைதரின் ‘அக்னி நதி’, அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ ஆகியன தமிழ் வாசகரை அடைந்தது இந்நிறுவனத்தின் வழியே. ஆனால் நிறுவனம் அச்சிட்டதனாலேயே ஒரு நூல் வாசிக்கப்பட்டுவிடுவதில்லை. எழுத்தாளர்களும் வாசகர்களும் தம்முள் பேசியும் எழுதியுமே இவற்றுக்கு வாசகரைத் தேடித் தந்தனர். இந்திய நாவல்களைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தும் ஜெயமோகனின் ‘கண்ணீரைப் பின்தொடர்தல்’ இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கல்விப்புலத்து ஒப்பிலக்கிய ஆய்வுகள் பலவும் இத்தகைய முன்வாசிப்பின் பயனைப் பெற்றுக்கொண்டே அதனை ஆய்வல்ல என ஒதுக்குகின்றன.

நம் துறைகளில்

இக்கட்டுரையாளரின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒருவர் கேட்ட வினா இன்றும் நினைவில் நிற்கிறது. “ஆய்வேட்டில் பன்னிரண்டு நாவல்களை ஆராய்ந்திருக்கிறீர்கள். இவற்றுள் எதனை நண்பரிடம் படிக்கச் சொல்வீர்கள்?” கோட்பாடு பற்றிய வினாக்களுக்கெல்லாம் விடையிறுத்தவனுக்கு இதற்கு விடை கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாவல்களையும் சான்று திரட்டப் படித்தேனேயன்றி வாசகனாகப் படிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. தலைப்பில் நூலின் பெயரை மாற்றினால் வேறெந்த நூலுக்கும் பொருந்திவிடும் ஆய்வேடுகள் பெருகுவதற்கு இதுவே அடிப்படை என்று தோன்றுகிறது.

இதனை மனத்திற்கொண்டு முதுகலை வகுப்பில் வாரந்தோறும் அரைமணி நேரம் பகிர்வுக்கென ஒதுக்கப்பட்டது. மாணவர் தாம் படித்த நூலிலிருந்து ஒரு பகுதியை வாசித்துக்காட்ட வேண்டும். பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் ஒவ்வொரு காரணம் கூற வேண்டும். கேட்டவருள் ஒருவர் அந்நூலைப் படித்து மறுமாதம் விடை கூற வேண்டும். மாணவி ஒருவர் ‘நாகம்மாள்’ நாவலின் கொங்கு வழக்கு தம் பாட்டியின் பேச்சை நினைவூட்டியது என்று மகிழ்ந்து பேசினார். கேட்ட மாணவர் அதனைப் படித்து மாறுபட்டார். நிலத்தில் பங்கு கேட்கும் கைம்பெண்ணின் விருப்பமே கொலையில் முடியும் கேடுகளுக்குக் காரணம் என்பதுபோல நாவல் நடத்திச் செல்கிறது என்பது அவர் குறை. இருவரும் நூலை மீண்டும் படித்தனர். கைம்பெண்ணுக்குச் சொத்தில் வரையறைக்குட்பட்ட பங்களித்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் நிலத்தைக் கட்டுப்படுத்தாது என 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியதை அவர்கள் தேடிக் கண்டனர். அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்த நாவலில் நாகம்மாளின் கோரிக்கை வெறும் பேராசைதானா என்னும் வினா பிறந்தது. அவ்வினா கருத்தரங்கக் கட்டுரையாயிற்று. பாட்டியின் பேச்சில் தொடங்கிய மகிழ்ச்சி சட்ட வரலாற்றில் சென்று நின்றது. எந்தக் கோட்பாட்டு நூலும் அவ்வழியைக் காட்டவில்லை. ஒருவர் விரும்பியதும் மற்றவர் அதனை மறுத்ததுமே காட்டின.

முடிவுரை

வாசிப்புப் பகிர்வு திறனாய்வுக்கு மாற்றன்று. காரணமும் பனுவற் சான்றும் மறுப்புக்கு இடமும் இல்லாத பகிர்வு பட்டியலாகவோ ஆணையாகவோ முடியும் என்பதை டி.கே.சி.யின் பதிப்பும் க.நா.சு.வின் பட்டியல்களும் உணர்த்துகின்றன. நூலைக் கையில் கொடுத்து மாறுபடவும் அழைக்கும் பகிர்வோ புதிய வாசகரையும் புதிய ஆய்வு வினாவையும் உண்டாக்கும் என்பதை 1880ஆம் ஆண்டுச் சந்திப்பும் ‘நிலவள’மும் காட்டுகின்றன.

ஆய்வுத் தலைப்புகளை வரையறுக்கும் குழுக்கள் மாணவரிடம் கருதுகோளைக் கேட்பதற்கு முன், அந்நூலில் அவரை ஈர்த்ததும் உறுத்தியதும் எவை என்று கேட்டறிதல் நன்று. விடை இல்லையெனில் ஆய்வைத் தொடங்கும் காலம் இன்னும் வரவில்லை என்றே கொள்ளலாம். புறத்தேர்வாளர் வந்து கேட்கும்வரை அவ்வினா காத்திருக்க வேண்டியதில்லை.