சிலுவைப்போர் வீரரும் கேலிச்சித்திரமும்

1898 அக்டோபரில் இலண்டனின் 'பஞ்ச்' வார ஏடு ஒரு கேலிச்சித்திரத்தை வெளியிட்டது. அதில் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் சிலுவைப்போர் வீரரின் கோலத்தில் நிற்கிறார். 'குக்கின் சிலுவைப்போர் வீரர்' என்பது தலைப்பு. புனித நாட்டிற்கு அவர் மேற்கொண்ட பயணத்திற்கு ஏற்பாடு செய்தது தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயப் பயண நிறுவனம். அதுவே நகைப்பின் பொருளாயிற்று.

நகைப்பதற்கு இடமில்லாமல் இல்லை. கழுதைக் குட்டியின்மேல் ஆண்டவர் நுழைந்த எருசலேமிலே, பேரரசர் பவனியாக நுழைவதற்கென்று யாப்பா வாயிலருகே மதில் உடைக்கப்பட்டது. அக்டோபர் 31-இல் லூத்தரன் மீட்பர் ஆலயத்தை அவர் அர்ப்பணித்தார். அன்னை மரியாள் துயில்கொண்டதாக மரபு போற்றும் சீயோன் மலை நிலத்தைச் சுல்தானிடம் பெற்று, தம் நாட்டுக் கத்தோலிக்கருக்கு அளித்தார். பின்பு தமாஸ்கு நகரில், உலகின் 30 கோடி முஸ்லிம்களுக்கும் தாம் நண்பர் என முழங்கினார். திருப்பயணியின் அங்கிக்குள் அரசியல் இருந்ததை அயல்நாட்டு ஏடுகள் சரியாகவே கண்டன.

ஆயினும் அந்த நகைப்பு எதைக் காட்டாமல் விட்டது என்பதையும் நாம் கேட்கவேண்டும். பேரரசர் பற்றிய கை சுல்தான் அப்துல் ஹமீதின் கை. 1894 முதல் 1896 வரை அவரது ஆட்சியில் கொல்லப்பட்ட ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் 1 இலட்சத்திலிருந்து 3 இலட்சம் வரை எனக் கணிக்கப்படுகிறது. 'குக்கின் வீரர்' என்னும் சொல்விளையாட்டு உடையையும் பயணச்சீட்டையும் எள்ளுகிறது. அந்தப் பிணங்களை அது தொடவில்லை.

தொட்டிருந்தால் தன் வீட்டையும் தொடவேண்டியிருக்கும். கிரிமியப் போரில் அதே பேரரசின் தோழர்களாய்ப் போரிட்டவர்கள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரருமே. 1878-இல் சுல்தானோடு உடன்படிக்கை செய்து சைப்பிரஸ் தீவைத் தன் ஆளுகைக்குள் கொண்டது இங்கிலாந்து. 1896-இல் முதியவர் கிளாட்ஸ்டன் லிவர்பூலில் ஆர்மீனியருக்காகக் குரலெழுப்பியபோதும் அவரது நாட்டின் அரசு படை அனுப்பவில்லை. அயலான் கண்ணின் துரும்பு கூர்மையாக வரையப்பட்டது. தன் கண்ணின் மரக்கட்டைக்கு ஓவியர் கிடைக்கவில்லை.

இங்கே வேறோர் ஏட்டை நினைவுகூர்வது தகும். அதே பயணத்தை மியூனிக் நகரின் 'சிம்ப்ளிசிசிமஸ்' இதழும் எள்ளியது. ஓவியர் ஹைனேயும் கவிஞர் வேடெகிண்டும் சிறைப்பட்டனர். வெளியீட்டாளர் லாங்கன் நாடுவிட்டு ஓடினார். இலண்டனில் நகைத்தவருக்கு இழப்பு ஏதுமில்லை; சொந்த மன்னரை நகைத்தவரோ விலை கொடுத்தார். ஓர் எள்ளலின் எடையை அறிய இதைவிட நல்ல தராசு நமக்குத் தெரியவில்லை.

நட்பு வளர்ந்தது. 1903-இல் பாக்தாத் இரயில்பாதைக்கான ஒப்பந்தம் முழுமை பெற்றது. அப்துல் ஹமீது 1909-இல் அரியணை இழந்த பின்னும் உறவு நிலைத்தது. 1914 ஆகஸ்டில் இரகசியப் போர் உடன்படிக்கையாக முற்றியது. 1915-இல் ஆர்மீனியர் மீண்டும் அழிக்கப்பட்டனர். மார்டின் நகர்க் கத்தோலிக்கப் பேராயர் இஞ்ஞாசியார் மலோயன் அவ்வாண்டு ஜூனில் கொல்லப்பட்டார். 2025-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அன்று ஜெர்மானிய ஏடுகள் நட்பு நாட்டைப்பற்றி வாய்திறவாதிருக்கத் தணிக்கையாளர் கட்டளையிட்டனர். செப்டம்பரில் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் மட்டும் சுல்தான் ஐந்தாம் முகமதுவுக்கு நேரே மடல் எழுதி இரக்கம் வேண்டினார்.

எள்ளல் பாவமன்று, இறைவாக்கினரும் எள்ளினர். ஆனால் அவர்கள் தங்கள் சொந்த அரசரையும் சொந்த மக்களையும்கூட எள்ளினர். வேற்று நாட்டு மன்னரின் சித்திரத்தைக் கண்டு நாம் சிரிக்கும்போது, அதில் வரையப்படாமல் போனவர் யார் என்றும் ஒரு கணம் தேடுவோமாக.