யாருடைய புற உலகம்?

அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்றொரு மொழிபெயர்ப்பு புழங்குகிறது. மகனுக்கு அடையாள அட்டை வாங்கப் போன நாங்கள் அந்தச் சொல்லோடு காத்திவாக்கத்துக்குத் திரும்பினோம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தை ஏற்றதால் கிடைக்கும் அட்டை. அதன் பயனை நான் மறுக்கவில்லை. சிக்கல் சொல்லில் இருக்கிறது. வாசித்துக் காட்டியபோது மனைவி சிரித்துவிட்டாள்: "வெளியுலகம் தெரியாதாமா? ரோட்டுல லாரி ஆரன் அடிச்சா இவன்தான மொதல்ல காதப் பொத்திக்கிறான். நாமதான் மரத்துப் பூட்டோம்."

ஒரு சொல்லாடலை இதைவிடச் சுருக்கமாகக் கட்டுடைக்க முடியாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, ஆலைச் சங்கு, காற்றில் வரும் நெடி எல்லாம் நமக்குப் பின்னணி. அவனுக்குப் பின்னணி என்று ஒன்று கிடையாது. அனைத்தும் முன்னால் வந்து நிற்கின்றன. ஒலி, ஒளி, தொடுகைக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை அமெரிக்க உளமருத்துவக் கையேடு 2013இல் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டது குழந்தைதான் என்ற கற்பிதம் சாகவில்லை.

அதன் வேர் பழையது. மனச்சிதைவு பற்றிப் பேச, 'தான்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஆட்டிசம்' என்ற பெயரை உண்டாக்கியவர் ப்ளாய்லர். 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளை விவரிக்க அதை எடுத்துக்கொண்டார். நாஜி முகாமிலிருந்து மீண்ட ப்ரூனோ பெட்டல்ஹைம், இக்குழந்தைகளை முகாம் கைதிகளோடு ஒப்பிட்டு 1967இல் நூல் எழுதினார். புற உலகைக் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டிய ஒப்புமை, காவலாளி வேடத்தைத் தாய்க்குக் கொடுத்து முடிந்தது. ஆட்டிசப் பிள்ளையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964லேயே இந்தத் தாய்ப்பழியை மறுத்திருந்தார். அறிவுலகில் மறுப்பு வென்றது. எங்கள் தெருவில் இன்னும் வெல்லவில்லை: "நீ பேச்சுக் குடுக்கல, செல்லக் கையில குடுத்துட்ட."

இதுவரை தோழர்கள் தலையாட்டுவார்கள். இனிச் சொல்வது நம்மைப் பற்றி.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். ஒதுங்கிய மண்டபத்தில் டியூப்லைட் வெளிச்சம், இரைச்சல். அவன் விடியும்வரை அலறினான். "புள்ளைய அடக்குங்க" என்றார்கள், அவர்களும் மூச்சுத் திணறியவர்கள்தான்.

பிறகு ஒரு போராட்டத்துக்கு நண்பர் அழைத்தார்: "பையனையும் மேடைக்குக் கூட்டிட்டு வாங்க தோழர், ஆலை என்ன பண்ணும்னு ஜனங்களுக்குப் புரியட்டும்." மறுத்தேன். இவனுடைய ஆட்டிசத்துக்கு இந்தக் காற்றே காரணம் என்று சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது. ஆதாரம் இருந்தாலும் மறுத்திருப்பேன். இவனைக் கேடாகக் காட்டித்தான் கேட்டை எதிர்க்க முடியுமென்றால், அரசுத் தாளுக்கும் நம் மேடைக்கும் என்ன வித்தியாசம்? எதிர்பார்த்த பிள்ளைக்காக அழும் துக்கத்தை வந்திருக்கும் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள் என்று, தானே ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோர்களிடம் கேட்டுக்கொண்டார். பெற்றோருக்குச் சொன்னது இயக்கங்களுக்கும் பொருந்தும்.

நஞ்சை எதிர்க்க நஞ்சே போதுமான காரணம். இவனுக்கு வேண்டியவை வேறு. அடுத்த கசிவின் இரவில், ஒதுங்கும் இடத்தில் வெளிச்சமும் சத்தமும் குறைந்த ஓர் அறை. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் நகரத்தின் தென்கோடிக்கும் அப்பால் முட்டுக்காட்டில் இருக்கிறது. வடகோடியிலிருந்து போய்வர ஒருநாள் கூலி போய்விடும். எனவே எண்ணூரிலேயே ஒரு பயிற்சி மையம். இவ்விரண்டையும் நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். "அது தனிப்பட்ட பிரச்சினை தோழர்" என்றார் நண்பர்.

புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று நான் எழுதுவேன் என்றால், அந்தப் பதிலின் எதிரேதான் எழுதுவேன்.