வைகைக் கரையிலிருந்து பார்த்தால் நந்தினி

'பொன்னியின் செல்வன்' படித்த பெண்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: உங்களுக்குக் குந்தவையைப் பிடிக்குமா, நந்தினியைப் பிடிக்குமா? குந்தவை என்றால் நல்ல பெண். நந்தினி என்றால் வம்புக்காரி. கேட்பது கதையைப் பற்றி; மதிப்பெண் போடுவது நமக்கு.

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர் இது. இதழின் பக்கங்களைக் கிழித்து, மணியத்தின் ஓவியங்களோடு சேர்த்துத் தைத்து, பைண்டு செய்து பல வீடுகளில் பெண்கள் பத்திரப்படுத்தினார்கள். அக்கம்பக்கத்துக்கு இரவல் கொடுத்தார்கள். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் மலிவுப் பதிப்புகள் பெருகின. பாட்டி, அம்மா, மகள் மூவரும் படித்த நாவல் என்று தமிழில் சொல்லக்கூடிய சிலவற்றில் இது ஒன்று. மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கத்திலும் நான் பேசிய வாசகிகளில் மூத்தவர்கள் பெரும்பாலும் நந்தினியைப் "பாம்பு" என்றார்கள். கல்லூரி மாணவிகள் "பாவம்" என்றார்கள். இரண்டு சொல்லும் எனக்குப் போதவில்லை.

நந்தினியின் பகை தொடங்குவது நம் வைகைக் கரையில். போரில் தோற்றுக் காயம்பட்ட வீரபாண்டியன் ஒரு குடிசையில் கிடக்கிறான். ஆதித்த கரிகாலன் வாளோடு வருகிறான். கொல்லாதீர்கள் என்று நந்தினி கெஞ்சுகிறாள். தலை விழுகிறது. வரலாற்றில் அந்தத் தலை ஒரு பட்டப்பெயராகவே ஆனது: 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்றுதான் கரிகாலனைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

நாவலில் இந்தக் கொலையை முதலில் நமக்குச் சொல்பவன் கரிகாலனே. நண்பனிடம் மனம் உடைந்து சொல்கிறான். அவனுடைய தூக்கம் கெட்டது நமக்குத் துயரமாகத் தெரிகிறது. நந்தினியும் தூங்குவதில்லை, வெட்டுண்ட தலை அவளையும் துரத்துகிறது. ஆனால் அவளுடைய விழிப்பு நமக்குச் சதியாகத் தெரிகிறது. வெட்டியவனுக்கு நாம் இரங்குகிறோம். பார்த்துக்கொண்டு நின்றவளைக் கண்டு அஞ்சுகிறோம். வைகைப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த வாசகியும் இந்தக் கதையைக் காவிரிக் கரையில் நின்றுதான் படிக்கிறாள்.

டயானா கபால்டனின் 'அவுட்லேண்டர்' (1991) இதற்கு நேர்மாறானது. 1746இல் கல்லோடன் போர்க்களத்தில் தோற்கப்போகும் ஸ்காட்லாந்து மலைநாட்டவர் நடுவே அது வாசகியைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. கதை சொல்பவள் ஒரு செவிலி. தோற்பவர்களின் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் பேசுவதால், அந்தத் தோல்வி வாசகிக்கும் சொந்தத் துக்கமாகிறது. நந்தினியின் குடிசையை அப்படி உள்ளிருந்து காட்டியிருந்தால் "பாம்பு" என்ற சொல் அவ்வளவு எளிதாக வாயில் வந்திருக்குமா?

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டையும் பார்க்க வேண்டும். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலான ஆண்களைச் சொல்கிறது. அவர்களுடைய உறவினர்களின் உடைமைகள்வரை கை நீட்டுகிறது. சதிகாரி என்று ஒரு பெண்ணின் பெயரும் அதில் இல்லை. நாவலாசிரியர் கற்பனை செய்யலாம். அது அவர் உரிமை. ஆனால் ஆண்கள் செய்த ஓர் அரசியல் கொலைக்கு நடுவே ஒரு பேரழகியை வைத்ததும் நமக்குக் கதை பொருந்திப்போனது ஏன் என்று கேட்பது நம் உரிமை.

கல்கியைக் குறைத்துச் சொல்ல முடியாது. நாவலின் கூர்மையான பேச்சுகள் பலவற்றை அவர் நந்தினிக்குத்தான் கொடுத்தார். அர்ச்சகர் வீட்டில் வளர்ந்தவளோடு இளவரசன் பழகக் கூடாது என்று அரண்மனை தடுத்ததையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் பிறப்பை மட்டும் அவள் கைக்குக் கொடுக்கவில்லை. அவள் யார் மகள், வீரபாண்டியன் அவளுக்குக் காதலனா தந்தையா என்பதை மற்றவர்கள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். தன் கதையைத் தானே சொல்ல முடியாத பெண்ணை மர்மக்காரி என்கிறோம்.

2022இலும் 2023இலும் வந்த மணிரத்னத்தின் படங்கள் கரிகாலன், நந்தினி இருவரின் இளம்பருவக் காதலை முன்னால் கொண்டுவந்தன. "பாவம்" என்ற சொல் அதன்பின் அதிகம் கேட்டது. ஆனால் அந்த இரக்கத்துக்கு ஒரு விலை உண்டு. தோற்ற நாட்டின் கோபம் காதல் தோல்வியாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பெண் ஆட்சியின் மேல் கோபப்பட்டால், அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் இருந்தால்தான் நமக்குப் புரிகிறது. நிலத்துக்காகவோ கூலிக்காகவோ தாலுகா அலுவலக வாசலில் உட்காரும் பெண்ணைப் பார்த்து, "யார் தூண்டிவிட்டார்கள்?" என்று இன்றும் கேட்கிறார்களே, அந்தப் பழக்கம்தான் இது.

தொடர் முடிந்ததும், யாருக்கு யாரோடு கல்யாணம், பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி முடிவுரையில் பதில் எழுதினார். கதை முடிந்த பிறகும் கேட்கலாம் என்ற வழக்கம் அப்போதே இருந்தது. மாணவிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அந்தக் குடிசைக் காட்சியை மறுபடி எடுத்துப் படியுங்கள். யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள், யார் அங்கே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். குந்தவையா நந்தினியா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.